வால் வண்டியின் முன் ஜன்னல்

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்னக் கேரவன் ஒன்றை எல்லோரும் சேர்ந்து வாங்கலாமா வேண்டாமா என்று நம் பழைய ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக அடித்துக்கொள்கிறீர்கள். வங்கிக்காரி நன்மைகளை எழுதிப் போட்டாள். ஹோட்டல் தேட வேண்டாம், நம் படுக்கையில் நாமே படுக்கலாம், இடுப்பு வலிக்காரிகளுக்கு நல்லது, நினைத்த இடத்தில் நிறுத்தித் தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம். ரயில்வேயில் வேலை பார்த்தவள் அதற்குப் பதில் போட்டாள். மேடு ஏறாது, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் நடு ரோட்டில் மானம் போகும், இந்த வயதில் யார் ஓட்டுவது. அதோடு விட்டிருக்கலாம். உங்களில் ஒருத்தி, "சின்ன வயசுல உங்க வீட்டுல அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு ஹாஸ்டல்ல சொல்லியிருக்கியே, நீ சொல்லு லா" என்று என்னை இழுத்துவிட்டாள்.

சொல்கிறேன். இத்தனை வருஷம் சொல்லாததையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். பாதியில் கட்டைவிரல் படம் அனுப்பாதீர்கள்.

எனக்கு அப்போது பத்து வயது, அக்காவுக்குப் பதிமூன்று. பினாங்குப் பாலம் கட்டாத காலம். தீவிலிருந்து அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் காரோடு ஃபெரியில் ஏற வேண்டும். நாங்கள் ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய சந்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி. அக்காவை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையால் சுற்றுகிற தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாளே, அவள்தான். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இரண்டு காலிலும் இரும்புப் பட்டை கட்டினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பட்டையோடு காலை மடக்க முடியாது.

ஆறாம் வகுப்பு வரை அப்பாவே அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் உட்கார வைத்தார். அதை மறைக்கக் கூடாது. அதற்கு மேல் படிக்கிற பள்ளியில் வகுப்பெல்லாம் மாடியில் இருந்தது. மாடிக்குத் தூக்க ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வருஷம் அவள் வீட்டில் இருந்தாள். நான் சனிக்கிழமை தோறும் நூலகத்துக்கு நடந்து போய் அவளுக்குப் புத்தகம் எடுத்துக்கொண்டு வருவேன். அவள் என் வீட்டுப்பாடக் கணக்கைப் போட்டுத் தருவாள். எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் அது. அந்த வருஷம் நான் கணக்கில் வகுப்பில் முதல். டீச்சர் என்னைப் பாராட்டியபோதெல்லாம் நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

வண்டி வந்தது அந்த நேரத்தில்தான். அக்கரையில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது அதை அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனார். இரண்டு சக்கரம், முட்டை வடிவம், மேலே வெள்ளை, கீழே வெளிறின நீலம். உள்ளே முன்பக்கம் ஒரு நீளக் கட்டில், பின்பக்கம் அடுப்பு வைக்க ஒரு பலகை, பூப்போட்ட திரைச்சீலை. வெயிலில் நின்றால் உள்ளே பழைய ரப்பரும் யார் வீட்டுச் சோப்போ தெரியாத ஒரு வாசனையும் வரும். கட்டிலுக்கு நேரே முன் ஜன்னல். காரோடு மாட்டினால் அந்த ஜன்னலும் எங்கள் காரின் பின் கண்ணாடியும் எதிரெதிராக வரும். சந்தில் எல்லோரும் அதை வால் வண்டி என்றார்கள். "உங்கப்பா வாலோட போறாரு பாரு" என்று பையன்கள் என்னைக் கேலி செய்வார்கள்.

எங்கள் சந்தில் சைக்கிள் இல்லாத வீடுகளே பாதி. அப்படிப்பட்ட இடத்தில் எதற்கு இது என்று அம்மா கேட்டாள். அப்பா அலுவலகத் தாளில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் நன்மை, ஒரு பக்கம் தீமை என்று எழுதி, சாப்பாட்டு மேசையில் படித்தார். நன்மைப் பக்கம் முதல் வரி அக்கா. காரில் காலை மடக்க முடியாதவள் இதில் நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாம். போகிற இடத்தில் தங்க அறை கேட்டு நிற்க வேண்டாம், மாடிப்படி கிடையாது, அவளை எல்லோர் முன்னாலும் தூக்கி இறக்க வேண்டியதில்லை. தீமைப் பக்கம் எல்லாம் காரைப் பற்றி.

"எல்லார் முன்னாடியும் தூக்கினா என்னப்பா?" என்று அக்கா கேட்டாள்.

"உனக்குத்தாம்மா சங்கடம்."

"எனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே."

அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்காவின் கேள்வி எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை. திரைச்சீலை போட்ட வண்டி அக்காவுக்காக வந்ததா, அக்காவைத் தூக்கும்போது அப்பாவைப் பார்க்கிற கண்களுக்காக வந்ததா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குப் பதில் தெரியும். அப்போது எனக்கும் அது எங்கள் வீட்டுக்கு வந்த அதிர்ஷ்டமாகத்தான் தெரிந்தது.

ரிவர்ஸ் பற்றி ரயில்வேக்காரி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வால் வண்டி வலது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்க வேண்டும். அப்பாவுக்கு அது கடைசி வரை கைவரவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் மாதா கோயில் வளாகத்தில் பழகுவார். பூசைக்கு வந்த ஆண்கள் அத்தனை பேரும் வெயிலில் நின்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். இதில் வண்டியே ஓட்டத் தெரியாத, மணியடிக்கிற கோயில் பிள்ளைதான் அதிகம் கத்துவார். கடைசியில் நாலு பேர் சேர்ந்து வண்டியைக் கழற்றிக் கையால் தள்ளித் திருப்பிவிடுவார்கள். அப்பா சட்டை முதுகோடு ஒட்டி, யாரையும் பார்க்காமல் காரில் ஏறுவார். அதனால் அவருக்கு ஒரு வழக்கம் வந்தது. முன்னால் போய்த் திரும்ப முடியாத இடத்தில் அவர் நிறுத்தவே மாட்டார். ரோட்டோரம் நிறுத்துவது என்றாலே அவருக்குப் பயம். இதை நினைவில் வையுங்கள்.

முதல் பயணம் பாலிக் புலாவுக்கு. டுரியான் பழக் காலம். வங்கிக்காரி சொல்கிற நன்மையெல்லாம் அன்றைக்கு ஒரு நாள் எங்களுக்குக் கிடைத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மலை வளைவில் கார் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பின்னால் டுரியான் ஏற்றப் போன லாரிக்காரர், வயதான மலாய்க்காரர், கயிறு போட்டு எங்களை மேடு வரை இழுத்துவிட்டார். மேலே மரத்தடியில் நிறுத்தியதும் அக்கா நகர்ந்து நகர்ந்து வந்து வண்டியின் வாசலில், காலை வெளியே நீட்டி உட்கார்ந்தாள். இரும்புப் பட்டை வெளியே தெரிந்தது. லாரிக்காரர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு ஒரு பழத்தைப் பிளந்து அவள் மடியில் வைத்தார்.

"மக்கான், அடிக், மக்கான்," என்றார். சாப்பிடு தங்கச்சி என்று.

அக்கா விரலெல்லாம் அப்பிக்கொண்டு சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கொட்டையைத் தூர எறிந்து, யாருடையது அதிக தூரம் போகிறது என்று என்னோடு போட்டி போட்டாள், ஜெயித்தாள். அவள் கைக்கு அவ்வளவு பலம். ரோட்டில் போன இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். அப்பா வந்து, "உள்ள போம்மா, வெயில்" என்றார். நாங்கள் இருந்தது டுரியான் மரத்து நிழல்.

ஓடுகிற வண்டியில் அவள் தனியாக இருக்கிறாளே என்று அம்மாவுக்குக் கவலை. அப்பா அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அக்காவிடம் ஒரு சிவப்புத் துணி, அம்மாவின் பழைய ரவிக்கைத் துணி. ஏதாவது வேண்டுமென்றால் அதை முன் ஜன்னலில் காட்ட வேண்டும். நான் கார் பின் சீட்டில் முட்டி போட்டு, பின்னால் பார்த்துக்கொண்டே வர வேண்டும். துணி தெரிந்தால் அப்பாவிடம் சொல்ல வேண்டும். கார்க் கண்ணாடியில் அப்பாவுக்கு வண்டியின் வெள்ளை மட்டும்தான் தெரியும். அக்காவைப் பார்க்கிற கண் என்னுடையது மட்டும்தான்.

அன்றைக்குத் திரும்பும் வழியில் தெலுக் கும்பார் பக்கம் துணி தெரிந்தது. "அப்பா, துணி" என்றேன். அவர் பதறி ரோட்டோரம் ஒதுக்கினார். ஓடிப் போய்க் கதவைத் திறந்தால், "கடல் பக்கத்துல வந்துடுச்சு, கொஞ்ச நேரம் நின்னு பாப்போமாப்பா" என்றாள் அக்கா. வண்டியின் ஒரு சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. அதை எடுக்க மீன்பிடிக்கிற ஆட்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அப்பா அக்காவைத் திட்டவில்லை. என்னைத் திட்டினார். "அவதான் காட்டுறான்னா உனக்கு அறிவு வேணாம்? எதுக்குன்னு பாத்துச் சொல்ல மாட்டியா?" பத்து வயதுப் பிள்ளை, இரண்டு கண்ணாடிக்கு நடுவில், எதுக்கு என்று எப்படிப் பார்ப்பது? அதை அன்றைக்குக் கேட்க எனக்கு வாய் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அக்கரையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி ஒன்று, விடுதியோடு. நம் பள்ளிதான். கீழ்த்தளத்திலேயே வகுப்பு, கீழ்த்தளத்திலேயே படுக்கை. எங்கள் பங்குச் சாமியார் சொல்லி வைத்ததில், கீழ்த்தளத்து ஜன்னலோரக் கட்டில் ஒன்று காலியாக இருக்கிறது, பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்து காட்டுங்கள், பேசிப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறேன் என்று மதர் சொல்லியிருந்தார். பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில், அது திருவிழா நேரம். சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு மதரைப் பார்த்துவிட்டு, அப்படியே திருவிழாவுக்கு வால் வண்டியில் இரண்டு நாள் தங்குவது என்று அப்பா முடிவு செய்தார்.

அக்கா அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. மதர் என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்று என்னை மதராக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். அம்மா வெள்ளை கவுன் ஒன்று தைத்தாள், கழுத்தில் நீல நாடா. புதுப் பெட்டி ஒன்று வந்தது, மூடியைத் திறந்தால் உள்ளே கட்டம் போட்ட காகிதம் ஒட்டியிருக்கும். நான் அதை ஒரு நாள் யாரும் இல்லாதபோது திறந்து முகர்ந்து பார்த்தேன். எனக்கு அந்த வயது வரை புதுப் பெட்டி கிடையாது. இனி என் கணக்கை யார் போடுவார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன். இதையும் நினைவில் வையுங்கள்.

சனிக்கிழமை மதியம் புறப்பட்டோம். கட்டில் முன்பக்கம், அக்கா அதில். அதனால் மற்ற சாமான் அத்தனையும் பின்பக்கம். இரண்டு நாளைக்கு அரிசி, தண்ணீர்த் தொட்டி, பானை சட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு டின் மண்ணெண்ணெய். நீங்கள் இப்போது இன்டர்நெட்டில் பார்த்தால் முதல் பாடமே இதுதான். கனமான சாமானை அச்சுக்கு மேலேயோ கொஞ்சம் முன்னாலேயோ வைக்க வேண்டும், வாலில் வைத்தால் வண்டி பாம்பு மாதிரி ஆடும். ஓடுகிற வண்டிக்குள் ஆளை உட்கார வைக்கவே கூடாது என்பது அதற்கும் முந்தின பாடம். எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. கதவு ஆட்டத்தில் திறந்துகொள்ளக் கூடாது என்று அப்பா வெளியிலிருந்து கொண்டி போட்டு, ஒரு ஆணியையும் செருகினார்.

ஃபெரியில் ஏறுகிற இடத்தில் ஊழியர் ஒருவர் வால் வண்டியைத் தட்டிப் பார்த்தார்.

"டாலாம் அடா ஓராங்?" என்று கேட்டார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று.

அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "தாக் அடா" என்றார். யாரும் இல்லை.

நான் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஜன்னலில் இல்லை. ஆள் தட்டுகிற சத்தம் கேட்டதும் படுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அப்பா சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது என்று அம்மா கார் நகர்ந்த பிறகு மெல்லச் சொன்னாள். கடல் தாண்டுகிற அந்தக் கொஞ்ச நேரமும் அப்பாவின் கழுத்து வேர்த்துக்கொண்டே இருந்தது. அக்கரையில் இறங்கியதும், "இனி கோயில் வர்ற வரைக்கும் எங்கேயும் நிறுத்த மாட்டேன். யாரும் ஒண்ணும் கேக்காதீங்க" என்றார்.

பட்டர்வொர்த் தாண்டி நேர் ரோடு வந்ததும் வண்டி ஆட ஆரம்பித்தது. எதிரே லாரி வரும்போதெல்லாம் வால் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் அடிக்கும். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பாதி வழி இருக்கும், முன் ஜன்னலில் சிவப்புத் துணி தெரிந்தது.

நான் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். துணியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். பிறகு அவள் முகம் வந்தது. அவள் கண்ணாடியைத் தட்டினாள். சத்தம் கேட்காது, தட்டுவது தெரிந்தது.

நான் திரும்பி முன்னால் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பா திட்டுவார் என்ற பயம். இதைத்தான் எனக்கு நானே ஐம்பது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டு வந்தேன், பத்து வயதுப் பிள்ளை பயந்தது என்று. பயம் உண்மைதான். ஆனால் அந்தப் புதுப் பெட்டியும் உண்மை. அவளுக்கு மட்டும் ஒரு ஊர், ஒரு கட்டில், ஒரு நீல நாடா, எனக்கு என்ன என்று ஓர் எரிச்சல் உள்ளே இருந்தது. கொஞ்ச நேரம் கஷ்டப்படட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. நான் முன்னால் திரும்பியதைப் பார்த்து அம்மா, "அக்கா தூங்கிட்டாளா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன்.

கோயில் திடலில் நிறுத்தி, ஆணியை எடுத்துக் கொண்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் நெடி எங்கள் முகத்தில் அடித்தது. வண்டி ஆடிய ஆட்டத்தில் டின் கவிழ்ந்து, மூடி கழன்று, தரை முழுக்க ஓடியிருந்தது. அக்கா டின்னை நிமிர்த்தக் கட்டிலிலிருந்து இறங்கியிருக்கிறாள், இறங்கியவள் திரும்ப ஏற முடியாமல் அதிலேயே கிடந்திருக்கிறாள். வெள்ளை கவுன் மண்ணெண்ணெயில் ஊறி உடம்போடு ஒட்டியிருந்தது. மேலெல்லாம் வாந்தி. கண் சிவந்து, தொடை எரிந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சிவப்புத் துணி இன்னும் கையில் இருந்தது.

அம்மா அவளை வெளியே இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கூடாரத்துப் பெண் ஒருத்தி தண்ணீர் கொண்டு வந்தாள். சுற்றிலும் ஆள் கூடியது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"குளிப்பாட்டி என் சேலையச் சுத்திக் கூட்டிட்டுப் போயிரலாங்க," என்றாள் அம்மா.

"இந்த நாத்தத்தோடயா? மதர் என்ன நினைப்பாங்க?"

"அப்பா," என்றாள் அக்கா. தொண்டை கம்மியிருந்தது. "நான் வரேன். இப்படியே வரேன். பதில் எல்லாம் எனக்குத் தெரியும்."

அப்பா அவளைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் அங்கே இல்லாதிருந்தால் எந்தப் பக்கம் போயிருப்பார் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒரு நிமிஷம் அவர் குனிந்து அவளைத் தூக்கிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால், "வேணாம்மா. உனக்கு முடியல. ஒரு மணி நேரம் வண்டியில வர முடியல, நீ எப்படித் தனியா இருப்ப?" என்றார்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "உள்ள யாரும் இல்லைன்னு அந்த ஆள்கிட்ட சொன்னீங்களே," என்றாள். "அப்ப யாருக்கு முடியலப்பா?"

அவளுக்குக் கேட்டிருந்தது. அப்பா அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். ஏன் என்னை அழைத்துப் போனார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. யாரையாவது கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

நம் மதரை உங்களுக்குத் தெரியும், மேசையின் மேல் எப்போதும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பன்னீர் மிட்டாய் இருக்கும். "இதுதான் பிள்ளையா, கால் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். அப்பா, "இது சின்னவ மதர். பெரியவளுக்கு உடம்புக்கு முடியல. பயணம் தாங்கல" என்றார். மதர் அப்படியா என்று வருத்தப்பட்டார். குணமானதும் அழைத்து வாருங்கள் என்றார், இன்னும் இரண்டு மூன்று வாரம் கட்டிலை வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார். எனக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தார். ஒன்று அக்காவுக்கு என்று சொல்லிக் கொடுத்தார். நான் இரண்டையும் திரும்புகிற வழியிலேயே தின்றுவிட்டேன்.

இரண்டு மூன்று வாரத்தில் அப்பா போகவில்லை. அம்மா கேட்டுப் பார்த்தாள், சாமியார் கேட்டுப் பார்த்தார். "அவளுக்குப் பயணம் ஒத்துக்காது ஃபாதர்" என்று அப்பா சொன்னார். முதலில் அது சாக்கு. சொல்லிச் சொல்லி அது எங்கள் வீட்டுச் சேதியாகிவிட்டது. கல்யாணம், காரியம், திருவிழா எதற்கும் அவளைக் கூட்டிப் போவதில்லை, பயணம் ஒத்துக்காது. ஊருக்குள்ளேயே, தண்ணீர்மலை ரோட்டுப் பக்கம் இருந்த மாமா வீட்டுக்குக்கூட ஒத்துக்காது. பாலிக் புலாவில் டுரியான் கொட்டை எறிந்து ஜெயித்தவளைப் பற்றித்தான் இத்தனையும் சொன்னார்கள். வண்டியின் ஆட்டத்தை யாரும் குற்றம் சொல்லவில்லை, சாமானைப் பின்னால் அடுக்கியதைச் சொல்லவில்லை, கொண்டியைச் சொல்லவில்லை. குற்றம் எல்லாம் அவள் உடம்பின் மேல் விழுந்தது. என்னைப் பற்றிச் சொல்ல யாருக்கும் ஒன்றும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சீனி திருடியதைச் சொன்னேன், பொய் சொன்னதை எண்ணிக்கையோடு சொன்னேன். இதை மட்டும் எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை.

வால் வண்டியை மீ கோரெங் நூடுல்ஸ் வறுத்து விற்கிற ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். ஒரு பக்கச் சுவரை வெட்டிக் கடையாக்கிவிட்டார். மார்க்கெட்டுக்குப் போகும்போது பார்ப்பேன். முன் ஜன்னலில் விலைப்பட்டியல் தொங்கும்.

மூன்று வருஷம் கழித்து அப்பா மதரைப் பார்க்கப் போனார். எனக்காக. அந்தப் பழைய புதுப் பெட்டியைத் தூசி தட்டி எனக்குக் கொடுத்தார்கள். கீழ்த்தளத்து ஜன்னலோரக் கட்டில் யாருக்குக் கிடைத்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அதற்காக நீங்கள் என்னோடு சண்டை போட்டிருக்கிறீர்கள். என்னைச் சிநேகிதி என்று நினைத்து இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருக்கிறீர்களே, உங்களுக்கு வர வேண்டிய சிநேகிதி அவள். என்னை விட நன்றாகச் சிரிப்பாள், உங்கள் எல்லோருடைய கணக்கையும் போட்டுக் கொடுத்திருப்பாள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்கா என்னோடுதான் இருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் தேத்தண்ணி கொடுக்கும்போது உங்கள் கேரவன் சண்டையை அவளிடம் சிரிப்பாகச் சொன்னேன். அவள் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை.

"பின்னாடி ஆள் உக்காருவாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, அது தப்பு. ஓடுறப்ப உள்ள யாரும் இருக்கக் கூடாது."

"அப்ப நல்லதுதான். பின்னாடி பாக்குற வேலை யாருக்கும் இருக்காது."

அவள் புத்தகத்தில் விரலை வைத்து மூடினாள்.

"நீ பாத்த, பாப்பா. பாத்துட்டுத்தான் திரும்பிக்கிட்ட. உன் பின்னலப் பாத்துக்கிட்டேதான் நான் கீழ இறங்கினேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்பு என்று ஒரு சொல்லை இத்தனை வருஷம் வாயில் வைத்திருந்தேன், அது வரவில்லை. "ஏங்கா அப்பாகிட்ட சொல்லல?" என்றுதான் கேட்க முடிந்தது. "அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி?" என்றாள். குரலில் கோபம் இல்லை, அன்பும் இல்லை. "உன்ன அடிப்பாங்க. நீ என்கூடப் பேச மாட்ட. அப்புறம் எனக்கு யாரு லைப்ரரிக்குப் போவா?"

அவ்வளவுதான் சொன்னாள். அவள் என்னை மன்னித்ததால் சும்மா இருந்தாள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. அப்படி இல்லை. அவளுக்கு வேறு கால் இல்லை, நான்தான் இருந்தேன். தன்னைக் கைவிட்டவளோடு அவள் ஐம்பது வருஷம் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தாள், புத்தகம் நிற்கக் கூடாது என்பதற்காக.

கேரவன் வேண்டுமென்றால் வாங்குங்கள். கனத்தை முன்னால் வையுங்கள், மேட்டில் நிற்காதீர்கள், ரிவர்ஸ் பழகாமல் ரோட்டுக்குப் போகாதீர்கள். பயணத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். நேற்று ராத்திரி அக்கா அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்து என்னிடம் நீட்டி, "இது முடிஞ்சிருச்சு" என்றாள். இன்று சனிக்கிழமை. நூலகம் திறந்திருக்கும், மாற்றிக்கொண்டு வரப் போகிறேன்.